680-இல் 20 சதவீதமா? தள்ளுபடிக் கணக்கில் தடுக்கிய ஒரு மாணவி: நிகழ்வு ஆய்வு

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பெருக்கல், வகுத்தல், பின்னம், சதவீதம் எல்லாம் கைவந்தவை. "சமன்பாடு அமைத்துத் தீர்க்கவும்" என்ற வரியைக் கண்டால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். வீட்டில் சொன்னது ஒரே வரிதான்: "விடை வருது, மார்க் வரல." ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் அவளோடு உட்கார்ந்தேன். அதில் முதல் இரண்டு வாரம் நான் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். விலைகளுக்கு நாணயம் போடவில்லை, எண்ணை மட்டும் எழுதுகிறேன். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். அப்புறம், தெரியாத எண்ணுக்குப் பாடப்புத்தகம் எக்ஸ் என்று எழுதும். அவள் கையெழுத்தில் அதுவும் பெருக்கல் குறியும் ஒன்றுபோல இருந்ததால் நாங்கள் 'ம' என்று எழுதினோம். மறைந்திருக்கும் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் தாள்

ஐந்து கணக்குகள் கொடுத்தேன். குறித்த விலை 600, தள்ளுபடி 15 சதவீதம், விற்பனை விலை என்ன? 90 கழித்து 510 என்று உடனே எழுதினாள். குறித்த விலை 1,200, விற்றது 900-க்கு, தள்ளுபடி எத்தனை சதவீதம்? 25. அதுவும் சரி. இந்த இரண்டிலும் சமன்பாடே தேவையில்லை.

மூன்றாவது: "20 சதவீதத் தள்ளுபடி போக ஒரு பையின் விலை 680. குறித்த விலை என்ன?" அவள் எழுதியது இது:

ம = 680 + 20% = 136 = 816

நான்காவது: "150 மதிப்புள்ள கூப்பன் போக ஒரு சட்டைக்கு 725 கொடுத்தேன். சட்டையின் விலை?" அவள் எழுதியது:

150 − ம = 725
விடை: 875

ஐந்தாவது: "ஒவ்வொரு நோட்டுக்கும் 12 குறைத்துக்கொண்டு மூன்று நோட்டுகளை 144-க்குக் கொடுத்தார்கள். ஒரு நோட்டின் பழைய விலை என்ன?" இதற்கு 3ம − 12 = 144 என்று எழுதி, ம = 52 என்று கண்டுபிடித்திருந்தாள். நோட்டு 52 என்றால் 12 குறைத்தபின் 40, மூன்றுக்கு 120. கணக்கில் சொன்னதோ 144.

மூன்று தப்பு, மூன்றும் வேறு வேறு முகம். நான் மூன்றாவதை மட்டும் பார்த்து, "சதவீதம் பலவீனம்" என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த மூன்று அமர்வுகளும் சதவீதப் பயிற்சிதான். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். சதவீதம் அவளுக்கு முதலிலேயே தெரியும் என்பதற்கு முதல் இரண்டு கணக்குகளே சாட்சி. நான்தான் பார்க்கவில்லை. ஐந்தாம் அமர்வில் அதே பைக் கணக்கை எண் மாற்றிக் கொடுத்தேன். அதே தப்பு.

நான்காவது கணக்கு உண்மையில் என்ன சொன்னது

அன்றைக்குத்தான் முதல் நாள் தாளைத் திரும்ப எடுத்து நான்காவது கணக்கை உற்றுப் பார்த்தேன். 150 − ம = 725 என்பதைத் தீர்த்தால் ம = −575 வரும். அவளோ 875 என்று சரியான விடையை எழுதியிருக்கிறாள். அப்படியானால் விடை அந்தச் சமன்பாட்டிலிருந்து வரவில்லை. தலைக்குள் 725 + 150 என்று கூட்டிவிட்டாள். ஆசிரியர் கேட்கிறாரே என்பதற்காக ஒரு சமன்பாட்டை அலங்காரத்துக்கு மாட்டியிருக்கிறாள்.

நேராகக் கேட்டேன்.

"இந்தச் சமன்பாட்டை எப்படி எழுதினே?"

"கணக்குல 150 போகன்னு முதல்ல வருது மிஸ். போகன்னா கழித்தல். அதான் 150 போட்டு மைனஸ் போட்டேன்."

"எதிலிருந்து போச்சு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சட்டை விலையிலேருந்து... அது கணக்குல எழுதலையே மிஸ்."

அவள் சொன்னது நியாயம். 'போக' என்பது தமிழில் அருமையான சொல். செலவு போக மிச்சம், கழிவு போக விலை என்று ஒரே சொல்லில் கழித்தலைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கழிபடுவது முன்னால் வந்து நின்றுகொள்ளும். எதிலிருந்து கழிகிறதோ அது பல நேரம் வாக்கியத்திலேயே இருக்காது. கேட்பவர் புரிந்துகொள்வார் என்று விட்டுவிடுகிறோம். சமன்பாட்டில் அப்படி விட முடியாது. வாக்கியத்தின் வரிசையை அப்படியே படியெடுத்தால் 150 − ம என்றுதான் வரும்.

பைக் கணக்குக்கும் அதே கேள்வியைப் போட்டேன்.

"இந்த 20 சதவீதம் எதில்?"

"680-இல மிஸ்."

"ஏன் 680?"

"அது ஒண்ணுதானே கணக்குல இருக்கு!"

இந்த ஒரு பதிலில் மொத்த நோயும் இருந்தது. சதவீதம் தனியாக நிற்காத எண். அது எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கும். பிடிக்க வேண்டிய எண் மறைந்திருக்கும்போது, கண்ணுக்குத் தெரிகிற எண்ணைப் பிடித்துக்கொள்கிறது.

இன்னொன்றும் அப்போது விளங்கியது. அவள் எல்லாக் கணக்கையும் பின்னாலிருந்துதான் செய்கிறாள். கடைசியில் என்ன இருக்கிறது, அதிலிருந்து திரும்பிப் போனால் என்ன கிடைக்கும் என்று. கூப்பன் கணக்கில் அது பலித்தது. 150 என்பது போகும்போதும் 150, திரும்பும்போதும் 150. சதவீதத்தில் அப்படி இல்லை. இறங்கும்போது 20 சதவீதம் பெரிய விலையின் மேல். திரும்பி ஏறும்போது அதே 20 சதவீதத்தைச் சின்ன விலையின் மேல் போட்டால் பழைய இடத்துக்கு வந்து சேராது. அவளுடைய 816-ஐச் சோதித்தாலே போதும். அதில் 20 சதவீதம் 163.20. கழித்தால் 652.80. 680 இல்லை.

பின்னாலிருந்து போவதில் தப்பு ஒன்றுமில்லை. ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டு நூலில் அதற்கு விதியே தந்திருக்கிறார்: பெருக்கியதை வகுக்க வேண்டும், வகுத்ததைப் பெருக்க வேண்டும், கூட்டியதைக் கழிக்க வேண்டும், கழித்ததைக் கூட்ட வேண்டும். விதியைக் கவனித்தால் சிக்கல் எங்கே என்று தெரியும். 20 சதவீதத் தள்ளுபடி என்பது பார்வைக்குக் கழித்தல். உள்ளே அது 0.8-ஆல் பெருக்குவது. அதன் மறுதலை 0.8-ஆல் வகுப்பது. அவள் அதைக் கழித்தல் என்று எடுத்துக்கொண்டு கூட்டிவிட்டாள்.

ஆக, அவளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: சமன்பாடு முன்னோக்கி எழுதப்படுவது. கடைக்காரர் என்ன செய்தாரோ அதை, அவர் செய்த வரிசையில், நமக்கு விலை தெரிந்ததுபோல நடித்து எழுதுவது. திரும்பி வரும் வேலை அதற்கப்புறம், தீர்க்கும்போது.

பலிக்காத இரண்டு வழிகள்

சொன்னால் புரிந்துவிடுமா? முதலில் ஒரு சூத்திரம் கொடுத்தேன்: குறித்த விலை = விற்பனை விலை × 100 ÷ (100 − தள்ளுபடி). விடைகள் உடனே சரியாக வந்தன. இரண்டு நாள் கழித்து, "20 சதவீத லாபத்தில் 600-க்கு விற்றார், அடக்க விலை என்ன?" என்றேன். அதே சூத்திரத்தைப் போட்டு 750 என்றாள். லாபத்தில் விற்றவருக்கு அடக்க விலை விற்ற விலையைவிடக் கூடுதலாம்! 500 என்று வந்திருக்க வேண்டும். சூத்திரத்தைத் தூக்கி வைத்தேன்.

இன்னொன்று, பல பயிற்சி நூல்களில் இருக்கும் சொல் பட்டியல். 'குறைவு' என்றால் கழித்தல், 'அதிகம்' என்றால் கூட்டல், 'மடங்கு' என்றால் பெருக்கல். இதன் மேல் எனக்கு முன்பே நம்பிக்கை இல்லை. "இன்றைய விலை 680. இது நேற்றைய விலையைவிட 120 குறைவு" என்ற கணக்கில் பட்டியலைப் பின்பற்றும் பிள்ளை 680 − 120 என்று கழித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், முன்னோக்கி எழுதினால் இதிலும் கழித்தல்தான் வரும்: ம − 120 = 680. பட்டியல் சொல்லும் குறி சரி, அதை எதன் பக்கத்தில் வைப்பது என்றுதான் பட்டியலுக்குத் தெரியாது.

பொய் விலை

பலித்தது ரொம்பப் பழைய வழி. "பையோட விலையை நீயே ஒண்ணு சொல்லு" என்றேன். ஆயிரம் என்றாள். "சரி, கடைக்காரர் என்ன செய்வார்? விடையைச் சுருக்காமல் எழுது." அடுத்து 900, அப்புறம் 800.

1000 − (20/100) × 1000 = 800
900 − (20/100) × 900 = 720
800 − (20/100) × 800 = 640

சுருக்காமல் எழுதச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. 1000 − 200 = 800 என்று எழுதியிருந்தால் அந்த 200 எங்கிருந்து வந்தது என்ற தடம் அழிந்துபோயிருக்கும். "மூன்று வரியிலும் மாறாமல் இருப்பது என்ன?" 20, 100, கழித்தல் குறி. "மாறுவது?" முதல் எண், பெருக்கல் குறிக்குப் பின்னால் உள்ள எண், கடைசி எண். "கடைசியில் 680 வர வேண்டும். மாறுகிற மற்ற இடங்களில் ம போடு."

போடப் போனவள் நிறுத்திவிட்டாள். "ரெண்டு இடத்திலும் ம-வா மிஸ்?"

அந்தக் கேள்விக்காகத்தான் மூன்று வாரம் காத்திருந்தேன் என்று சொல்லலாம். ஒரே சமன்பாட்டில் ம இரண்டு முறை வரலாம், இரண்டும் ஒரே எண் என்பது அவளுக்குப் புதிது.

ம − (20/100) × ம = 680
(80/100) × ம = 680
ம = 850

850-இல் 20 சதவீதம் 170. கழித்தால் 680. சரிபார்ப்பை அவளாகவே எழுதினாள். அடுத்த கணக்கில், "80 சதவீதம்தானே மிஸ் கொடுக்கிறோம்?" என்று முதல் வரியைத் தாண்டி நேராக இரண்டாம் வரிக்குப் போனாள். இந்தக் குறுக்குவழியை நான் வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தேன்.

இங்கே ஒரு கிளைக்கதை. கி.மு. 1550 வாக்கில் எகிப்தில் படியெடுக்கப்பட்ட, இன்று ரைண்ட் பாப்பிரஸ் என்று அழைக்கப்படும் சுருளில் ஒரு கணக்கு: ஒரு அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19, அந்த அளவு என்ன? எழுத்தர் 7 என்று பொய்யாக வைத்துக்கொள்கிறார். 7-உம் 1-உம் 8. வேண்டியது 19. எட்டை எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, அத்தனை மடங்கு 7-ஐயும் ஆக்குகிறார். விடை 16 முழு 5/8. எங்கள் பைக் கணக்கையும் இப்படியே முடிக்கலாம்: 1000 வைத்தால் 800, வேண்டியது 680, ஆகவே 1000 × 680/800 = 850.

இதைச் சொன்னதும், "அப்ப சமன்பாடு எதுக்கு மிஸ்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பதிலாக ஒரு கணக்கு கொடுத்தேன்: 20 சதவீதத் தள்ளுபடிக்குப் பின் 50 கூப்பனும் போக 590. ஆயிரம் என்று வைத்தால் 750 வருகிறது. மடங்கு போட்டால் 786-ஐத் தாண்டி ஏதோ பின்னத்தில் நிற்கிறது. சோதித்தால் பொருந்தவில்லை. சமன்பாடு 0.8ம − 50 = 590, அதிலிருந்து ம = 800. விலை இரண்டு மடங்கானால் தள்ளுபடியும் இரண்டு மடங்காகும், கூப்பன் ஆகாது. அதனால்தான் எகிப்திய வழி இங்கே வழுக்குகிறது.

பெயர் வைப்பதில் ஒரு தகராறு

ஒவ்வொரு கணக்கின் தலையிலும் "ம என்பது..." என்று ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும் என்று விதி போட்டேன். முதலில் 'ம = பை' என்று எழுதினாள். கேட்டால், "பையைத்தானே மிஸ் கண்டுபிடிக்கிறோம்" என்றாள். இது அற்பமாகத் தோன்றும், ஆனால் அற்பமில்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் என்பவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கேள்வியை ஆராய்ந்தார்: "பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள். சமன்பாடு எழுதுக." பொறியியல் படிப்பவர்களிலேயே பலர், மா = 6பே என்று எழுத வேண்டியதை, 6மா = பே என்ற பொருளில் தலைகீழாக எழுதினார்கள். 'மா' என்பதை மாணவர் எண்ணிக்கை என்று கொள்ளாமல் 'மாணவர்' என்ற சொல்லின் சுருக்கமாகக் கொள்வது அந்தத் தப்புக்கு ஒரு காரணம். ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர் என்று படித்தால் அந்த வரி சரியாகவே தோன்றும்.

'ம = பை' என்பதற்கும் அதே ஆபத்து. பைக்கு இரண்டு விலை இருக்கிறது, எந்த விலை? "ம என்பது தள்ளுபடிக்கு முன் ஒரு பையின் விலை" என்று எழுதப் பழகியபின் பாதிக் குழப்பம் தானாகப் போனது. 'தள்ளுபடிக்கு முன்', 'ஒரு' என்ற இரண்டு சொற்களும் கட்டாயம். அந்த 'ஒரு' இல்லாததால்தான் நோட்டுக் கணக்கு கவிழ்ந்தது.

சமக்குறியைப் பற்றியும் சின்னதாக. அவளுடைய 680 + 20% = 136 = 816 என்ற வரியில் சமக்குறி "ஆக" என்று பேசுகிறது. "ஆக 136, ஆக 816" என்று வாயால் சொன்னால் தவறில்லை. எழுத்தில் 136-உம் 816-உம் சமம் என்றாகிவிடும். ராபர்ட் ரெக்கார்ட் என்ற கணிதர் 1557-இல் இந்தக் குறியை அறிமுகப்படுத்தியபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்று காரணம் சொன்னார். இதை அவளுக்குச் சொன்னேன். சங்கிலி போடும் பழக்கம் முழுதும் போகவில்லை, குறைந்தது.

அடைப்புக்குறியின் விலை 10

நான்காம் வாரத்தில் வந்த கணக்கு எனக்கே பிடித்தது. ஒரே பொருள், 20 சதவீதத் தள்ளுபடியும் 50 கூப்பனும். கடைக்காரர் எதை முதலில் கழித்தால் வாங்குபவருக்கு லாபம்?

தள்ளுபடி முதலில்: 0.8ம − 50
கூப்பன் முதலில்: 0.8(ம − 50) = 0.8ம − 40

விலை எதுவானாலும் வித்தியாசம் 10. ஐம்பதில் 20 சதவீதம். கூப்பனை முதலில் கழித்தால் தள்ளுபடி கூப்பன் தொகைக்குக் கிடைக்காமல் போகிறது. ஒரு எண்ணை வைத்துச் செய்தால் "இந்தப் பொருளுக்கு 10" என்றுதான் தெரியும். எந்த விலைக்கும் அதே 10 என்று சொல்ல 'ம' வேண்டும். சமன்பாடு எதற்கு என்ற அவளுடைய பழைய கேள்விக்கு, என் எகிப்துக் கதையைவிட இதுதான் சரியான பதிலாக அமைந்தது. அடைப்புக்குறியின் அர்த்தம் புரிந்த கையோடு பழைய தாளை எடுத்து, 3ம − 12 என்பதைத் தானே அடித்துவிட்டு 3(ம − 12) = 144 என்று எழுதினாள். ம = 60.

தொடர் தள்ளுபடி அதற்கப்புறம் எளிதாகப் போனது. 20 சதவீதம், மேலும் 10 சதவீதம் என்றால் 0.9 × 0.8ம = 0.72ம, அதாவது 28 சதவீதம்தான், 30 இல்லை. வரிசை மாற்றினாலும் அதுவே. 20 சதவீதம் ஏற்றிப் பின்பு 20 சதவீதம் குறைத்தால் 0.96ம. "அப்ப நாலு சதவீதம் எங்க மிஸ் போச்சு?" என்று அன்று முழுக்க அதே பேச்சு.

ஆறாம் வாரம்

கடைசித் தாளில் முதல் நாள் கணக்குகளின் சாயலில் நான்கு வைத்தேன். நான்கிலும் சமன்பாடு சரி. ஒன்றில் தசமப் பெருக்கல் தவறி, சரிபார்ப்பில் பிடித்துத் திருத்தியிருந்தாள்.

ஐந்தாவது, நாங்கள் பழகாத வகை: "ஒரு சட்டை, ஒரு ஜோடி காலணி, இரண்டின் குறித்த விலையும் சேர்ந்து 2,000. சட்டைக்கு 10 சதவீதம், காலணிக்கு 25 சதவீதம் தள்ளுபடி போக மொத்தம் 1,620 கொடுத்தார். ஒவ்வொன்றின் குறித்த விலை என்ன?" சட்டையை ம என்று வைத்தால் காலணி 2000 − ம. சமன்பாடு 0.9ம + 0.75(2000 − ம) = 1620. சட்டை 800, காலணி 1,200.

அவள் எழுதியது 0.9ம + 0.75ம = 1620. முன்னோக்கித்தான் எழுதியிருக்கிறாள், ஒவ்வொரு சதவீதத்துக்கும் "எதில்?" என்று கேட்டிருக்கிறாள், ஆனால் இரண்டு பொருளுக்கும் ஒரே எழுத்து. பைக் கணக்கில் ம இரண்டு முறை வரலாம் என்று நான் அழுத்திச் சொன்னதன் பக்கவிளைவாகவும் இது இருக்கலாம். வகுத்துப் பார்த்து 981.8 என்று எழுதி, பக்கத்தில் 981.8 + 981.8 என்று கூட்டியிருந்தாள். 1,963.6 வந்ததும் முழுவதையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தது இவ்வளவுதான்: "ம என்பது தள்ளுபடிக்கு முன் சட்டையின் விலை. காலணி ம இல்லை. காலணி ="

அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.